ஸ்கேன் சுத்தமாக வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமா?

கேள்வி

என் மனைவிக்கு ஒரு வருடத்துக்கும் மேலாகக் காதில் விசித்திரமான தொல்லை. தன் குரலே தலைக்குள் முழங்குகிறது என்கிறாள். திடீரென்று பலத்த சத்தம் கேட்டால் தரை சாய்கிறது என்கிறாள். இரண்டு நிபுணர்கள் பார்த்துவிட்டார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தாகிவிட்டது, சுத்தமாக இருக்கிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்றுதானே பொருள்? இதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

2023 பிப்ரவரி 6

புரியவைக்க முயல வேண்டாம். அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். குரல் முழங்குவதும், சத்தம் கேட்டால் தரை சாய்வதும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வந்தால், அதற்கென்று பெயருள்ள ஒரு நோய் இருக்கிறது. எனக்கு இருந்தது அதுதான். எனக்கும் எம்.ஆர்.ஐ. சுத்தமாகவே வந்தது. என் கோளாறு எலும்பில் இருந்தது. அந்த ஸ்கேன் மூளையையும் நரம்பையும் பார்ப்பதற்காக எடுக்கப்பட்டது.

உங்கள் மனைவிக்கும் அதேதான் என்று சொல்ல நான் மருத்துவர் இல்லை. ஆனால் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அமைதியான அறையில் உட்கார்ந்து கண்ணை இடமும் வலமும் அசைத்தால் காதில் ஏதாவது கேட்கிறதா? நீங்கள் கேட்காமல் அவராகச் சொல்ல மாட்டார்.

2023 பிப்ரவரி 6, இரவு

பெயர் கேட்டிருந்தீர்கள். மேல் அரைவட்டக் கால்வாயில் ஏற்படும் எலும்புத் திறப்பு. மருத்துவர்கள் அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எஸ்.சி.டி.எஸ். என்பார்கள். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் லாயிட் மைனரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998-இல் முதன்முதலாக இதை விவரித்தார்கள். அதற்கு முன் படித்து முடித்த மருத்துவரின் பாடப் புத்தகத்தில் இது இருந்திருக்க வழியே இல்லை.

உள்காதுக்கு இயல்பாக இரண்டு சாளரங்கள் உண்டு. நீள்வட்டச் சாளரத்தில் பொருந்தியிருக்கும் அங்கவடி எலும்பு ஒலியை உள்ளே தள்ளுகிறது. உள்ளே இருக்கும் திரவம் அசைகிறது. வட்டச் சாளரத்தின் சவ்வு அதற்கேற்ப வெளிப்புறம் பிதுங்கி இடம் கொடுக்கிறது. மற்ற எல்லாப் பக்கமும் கெட்டியான எலும்பு. தலை திரும்புவதை உணரும் மூன்று அரைவட்டக் கால்வாய்களும் இதே திரவ அமைப்பைச் சேர்ந்தவைதான். ஆனால் அங்கே பிதுங்க இடமில்லாததால் ஒலி அந்தப் பக்கம் போவதில்லை.

மேல் கால்வாயின் கூரைக்கு நேர் மேலே மூளை உறை இருக்கிறது. அந்தக் கூரை எலும்பில் திறப்பு உண்டானால் உள்காதுக்கு மூன்றாவது சாளரம் கிடைத்துவிடுகிறது. ஒலியின் ஒரு பங்கு கால்வாய் வழியே ஓடுகிறது. தலை அசையாமல் இருக்கும்போதே சுழல்கிறது என்ற செய்தி மூளைக்குப் போகிறது, கண்கள் தாமாக நகர்கின்றன, பார்க்கும் காட்சி சாய்கிறது. இருமல், மூக்குச் சிந்துதல், மூச்சைப் பிடித்துப் பளு தூக்குதல் எல்லாம் இதையே செய்யும், ஏனென்றால் அவை அழுத்தத்தை மாற்றுகின்றன. அதே திறப்பினால் உடலுக்குள்ளிருந்து எலும்பு வழியே வரும் ஓசைகளும் பெரிதாகக் கேட்கின்றன: சொந்தக் குரல், நாடித் துடிப்பு, குதிகால் தரையில் படும் ஓசை, மெல்லும் ஓசை. கண் தசைகள் இழுபடும் ஓசையும் அதில் சேர்த்தி. எனக்கு அது மணற்காகிதத்தை மெதுவாக இழுப்பது போல் இருந்தது.

2023 பிப்ரவரி 8

கேட்டுவிட்டீர்கள், அவர் அழுதுவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். பைத்தியம் என்று நினைப்பார்கள் என்ற பயத்தில் கண் ஓசையை யாரிடமும் சொல்லவில்லை என்கிறார். எனக்கு ஆச்சரியமே இல்லை. நானும் முதல் மருத்துவரிடம் தலைச்சுற்றலை மட்டும்தான் சொன்னேன். சொல்லாததைக் கண்டுபிடிக்கவில்லை என்று அவரைக் குறைசொல்ல மாட்டேன். சொன்ன பிறகும் கேட்காதவர்கள் வேறு.

2023 பிப்ரவரி 11

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். இதைப் படிக்கும் யாரோ ஒருவர் இப்போது அந்த இடத்தில் நின்றுகொண்டிருப்பார்.

நான் பார்த்த காது மூக்கு தொண்டை நிபுணர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். செவிப்பறை அழகாக இருக்கிறது என்றார். அது உண்மையும் கூட. இந்த நோயில் செவிப்பறை அழகாகத்தான் இருக்கும். தலைச்சுற்றலுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அடுத்து நரம்பியல் மருத்துவர். எம்.ஆர்.ஐ. எடுத்தார், கட்டி ஏதும் இல்லை என்று சொன்னார். அன்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கண் அசையும் ஓசை கேட்கிறது என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். "நிறைய யோசிக்கிறீர்கள் அம்மா. வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார். வீட்டில் எந்தப் பிரச்சினையும் இல்லை. பிரச்சினை இருந்திருந்தாலும் கண்ணுக்கு ஓசை வராது.

அந்தக் கேள்விக்குப் பிறகு என் கோப்பில் 'பதற்றம்' என்ற சொல் ஏறிவிட்டது. அதன் பிறகு பார்த்த ஒவ்வொருவரும் முதலில் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். நான் நிதானமாகப் பேசினால் அறிகுறி லேசானது என்று எடுத்துக்கொண்டார்கள், குரல் தழுதழுத்தால் பதற்றம் உறுதியாகிவிட்டது. கூட என் கணவர் வந்த நாள்களில் என்னிடம் கேட்க வேண்டியதை அவரிடம் கேட்டார்கள். இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க நான் விரும்பவில்லை.

சத்தத்துக்குப் பயந்து நான் மனிதர்கள் கூடும் இடங்களைத் தவிர்க்க ஆரம்பித்திருந்தேன். அதையும் பதற்றத்தின் சான்றாக எழுதினார்கள். நாய் குரைத்தால் தரை சாயும் என்றால் யார்தான் வெளியே போவார்கள்?

2023 பிப்ரவரி 12

மனநல மருத்துவரிடம் அனுப்பினால் போகக்கூடாதா என்று ஒருவர் கேட்கிறார். போங்கள். என் கதை அங்கேதான் திரும்பியது.

அவர் பொறுமையாகக் கேட்டார். ஓசை எப்போது வருகிறது, கண்ணை மூடிக்கொண்டு அசைத்தால் வருகிறதா, அசைக்காமல் இருந்தால் நின்றுவிடுகிறதா, இரண்டு காதிலுமா, ஒன்றிலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கண் அசையும் கணத்தில் தொடங்கி, நின்ற கணத்தில் நிற்கிறது, எப்போதும் இடது காதில் மட்டும் என்றேன். மாயக் குரல்கள் இப்படி உடல் அசைவோடு அடிக்கு அடி சேர்ந்து நடக்காது, இது காதில் நடக்கும் ஒன்று, மீண்டும் காது மருத்துவரிடம் போங்கள் என்றார். அதைக் கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார். அடுத்த அறைகளில் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் நீட்டினேன். என் வாயால் சொன்னபோது நகராத கதவு அவர் கையெழுத்துக்கு நகர்ந்தது. அவருக்கு நன்றி சொல்லும்போதே இது எனக்கு வலிக்கவும் செய்கிறது.

2023 பிப்ரவரி 15

எம்.ஆர்.ஐ.தான் நவீனமானது, கதிர்வீச்சும் இல்லை, சி.டி. ஸ்கேன் எதற்கு என்ற கருத்துக்கு: கதிர்வீச்சு இல்லை என்பது சரி. ஆனால் மெல்லிய எலும்பு ஓடு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல சி.டி.தான் வேண்டும். அதிலும் தலைக்கு எடுக்கும் வழக்கமான சி.டி. போதாது. உள்காதைத் தாங்கும் பொட்டெலும்புக்கென்று எடுக்கும் நுண்ணிய சி.டி. வேண்டும், அரை மில்லிமீட்டர் அளவுத் துண்டுகளாக.

2023 பிப்ரவரி 19

கேட்புத்திறன் சோதனையைப் பற்றி எழுதாமல் விட்டிருந்தேன். முக்கியமானது.

எனக்குத் தாழ்ந்த அதிர்வெண்களில் காற்று வழிக் கேட்பு குறைந்தும் எலும்பு வழிக் கேட்பு நன்றாகவும் இருந்தது. வரைபடத்தில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இடைவெளி. இப்படி இடைவெளி வந்தால் அங்கவடி எலும்பு இறுகிவிடும் ஓட்டோஸ்கிளிரோசிஸ் நோய்தான் பெரும்பாலானவர்களுக்கு முதலில் நினைவுக்கு வரும். என்னைப் பார்த்த இன்னொரு நிபுணரும் அதையே சொல்லி, அங்கவடியை மாற்றும் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கச் சொன்னார். மூன்றாவது சாளரம் திறந்திருக்கும் காதில் அந்த அறுவை செய்தால் இடைவெளி மூடாது. அப்படிப் பலன் இல்லாமல் அறுவை செய்துகொண்டு, அதன் பிறகு உண்மைக் காரணம் தெரிந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களிலேயே எழுதியிருக்கிறார்கள்.

என்னைக் காப்பாற்றியவர் கேட்புத்திறனைச் சோதிக்கும் ஒரு இளம் ஆடியாலஜிஸ்ட். அறுவைக்கு முன் வழக்கமான சோதனைகளைச் செய்தார். பலத்த ஒலி கேட்டதும் அங்கவடித் தசை தானாகச் சுருங்குவது எனக்கு இயல்பாக இருந்தது. அங்கவடி இறுகிப்போன காதில் அது பதிவாகக் கூடாது. அவர் அதோடு நிற்கவில்லை. எலும்பு வழிக் கேட்பை வழக்கமாகப் பூஜ்யம் டெசிபலோடு நிறுத்திவிடுவார்கள். அவர் அதற்கும் கீழே இறக்கிப் பார்த்தார். எனக்கு அப்போதும் கேட்டது. அதாவது எலும்பு வழி ஓசை எனக்கு இயல்பான மனிதரைவிட நன்றாகக் கேட்கிறது. பிறகு இசைக்கவையைத் தட்டி என் கணுக்கால் எலும்பில் வைத்தார். இடது காதில் கேட்டது! கணுக்காலில் வைத்தது காதில். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். ஒரு மருத்துவமனை அறையில் என்னைச் சந்தேகிக்காத ஆர்வத்தோடு ஒருவர் பார்த்தது அதுவே முதல் தடவை.

"வெம்ப் சோதனை செய்யாமல் கத்தி வைக்க வேண்டாம் மேடம்" என்றார். காதில் ஒலி கொடுத்து, கழுத்துத் தசையிலும் கண்ணுக்குக் கீழுள்ள தசையிலும் எழும் மின் எதிர்வினையை அளக்கும் சோதனை அது. இந்த நோய் உள்ள காது குறைந்த ஒலிக்கே எதிர்வினை காட்டும், அல்லது எதிர்வினை மிகப் பெரிதாக இருக்கும். எனக்கு இரண்டும்.

2023 பிப்ரவரி 20

நேற்று எழுதியதில் ஒரு சேர்க்கை. அந்த ஆடியாலஜிஸ்ட் தன் அறிக்கையில் நோயின் பெயரைக் கேள்விக்குறியோடு எழுதினார். அவருக்கு மேலே இருப்பவர் அதற்காக அவரைக் கடிந்துகொண்டதாகப் பிறகு அறிந்தேன். தங்கள் வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தும் ஒரு கேள்விக்குறியை எழுதுகிறவர்களால்தான் என் போன்றவர்கள் தப்பிக்கிறோம்.

2023 பிப்ரவரி 26

இப்போது உங்கள் மூலக் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் என் சி.டி. அறிக்கையிலும் "இயல்பு" என்றுதான் முதலில் எழுதியிருந்தது.

அனுப்பிய படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'தலைச்சுற்றல்' என்று மட்டும் இருந்தது. ஸ்கேனைப் படித்தவர் தலைச்சுற்றலுக்கு வழக்கமாக எதைத் தேட வேண்டுமோ அதைத் தேடினார், கிடைக்கவில்லை. வழக்கமான குறுக்குவெட்டுப் படங்களில் மேல் கால்வாயின் கூரையைத் தெளிவாகப் பார்ப்பது கடினம். அதே தரவுகளைக் கணினியில் சாய்த்து, கால்வாயின் தளத்துக்கு இணையாகவும் செங்குத்தாகவும் மறுஉருவாக்கம் செய்ய வேண்டும். இணையான தளத்துக்குப் போஷல் என்றும் செங்குத்தானதற்கு ஸ்டென்வர்ஸ் என்றும் பெயர். என்னிடம் இருந்த அதே குறுந்தகட்டை, புதிதாக எந்தப் படமும் எடுக்காமல், காது எலும்பில் பயிற்சியுள்ள வேறொரு கதிரியக்க மருத்துவர் திரும்பப் பார்த்தார். இந்தத் தடவை கேள்வி தெளிவாக இருந்தது: இடது மேல் கால்வாயின் கூரை முழுதாக இருக்கிறதா? இல்லை என்று வந்தது.

அந்தக் குறுந்தகடு மாதக்கணக்கில் என் அலமாரியில் இருந்தது. திறப்பும் அதற்குள்ளேயே இருந்தது. ஆகவே அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், படங்களையும் கேட்டு வாங்குங்கள். படிவத்தில் என்ன காரணம் எழுதப்படுகிறது என்று எட்டிப் பாருங்கள். "சத்தத்தாலும் அழுத்தத்தாலும் தூண்டப்படும் தலைச்சுற்றல், தன் உடல் ஓசைகள் பெரிதாகக் கேட்கின்றன" என்று எழுதச் சொல்லிக் கெஞ்சியாவது எழுத வையுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் படிக்கிறவர் எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

2023 மார்ச் 1

நிபுணர்கள் எல்லோரும் மோசம் என்று சிலர் தொடர்ந்து எழுதுகிறார்கள். என் அனுபவத்தை அதற்குச் சான்றாகக் காட்டுவதை நான் ஏற்கவில்லை.

நரம்பியல் மருத்துவரைப் பற்றி மறுபடி யோசித்தேன். எம்.ஆர்.ஐ. எடுத்தது சரியான முடிவு. செவி நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டிருந்தால்தான் தவறு. ஒன்றும் தெரியாதபோது "இது என் துறையில் இல்லை" என்று சொல்லாமல் "உங்கள் மனதில் இருக்கிறது" என்று சொன்னதைத்தான் என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

சந்தேகப்படுவதற்கு அவர்களிடம் நியாயமான காரணமும் உண்டு. ஆயிரம் பொட்டெலும்புகளை எடுத்து ஆராய்ந்து 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், முழுத் திறப்பு 0.5 விழுக்காட்டில்தான் இருந்தது. சி.டி.யில் பார்த்தால் அதைவிட அதிகமானவர்களுக்குத் திறப்பு இருப்பதுபோல் தெரியும். மிக மெல்லிய எலும்பு படத்தில் மறைந்துவிடுவதே காரணம். திறப்பு இருந்தும் தொல்லையே இல்லாதவர்களும் உண்டு. அதனால்தான் சமநிலைக் கோளாறுகளை ஆராயும் பன்னாட்டு அமைப்பான பாரானி சங்கம் 2021-இல் வெளியிட்ட வரையறை மூன்றையும் சேர்த்துக் கேட்கிறது: பொருந்தும் அறிகுறி, வெம்ப் போன்ற சோதனைச் சான்று, நுண்ணிய சி.டி.யில் திறப்பு. கூடவே வேறொரு நோய் இதைவிட நன்றாகப் பொருந்தக் கூடாது. இப்படிச் சந்தேகப்படுகிற மருத்துவர் எனக்கு வேண்டும். அவர் அடுத்த சோதனையை எழுதிக் கொடுப்பார். மற்றவர்கள் கோப்பை மூடிவிடுவார்கள்.

2023 மார்ச் 4

இதை விட மனமில்லை. 1929-இல் பியெத்ரோ துல்லியோ என்ற இத்தாலிய ஆய்வாளர் புறாக்களின் அரைவட்டக் கால்வாய்களில் துளையிட்டு ஒலி எழுப்பிய ஆய்வுகளை வெளியிட்டார். ஒலி கேட்டதும் புறாக்களின் தலையும் கண்களும் நகர்ந்தன. சத்தத்தால் தலை சுற்றுவதற்குத் துல்லியோ விளைவு என்றே பெயர். மனிதருக்குள் இயற்கையாகவே அந்தத் துளை இருக்கலாம் என்று தெரிய இன்னும் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் ஆயின. என் மகளிடம் சொன்னேன், "பாவம் அம்மா அந்தப் புறா, அதை யாராவது நம்பினார்களா?" என்று கேட்டாள். நம்பினார்கள், எழுதியும் வைத்தார்கள் என்றேன்.

2023 மார்ச் 9

தன் மூச்சு ஓசை காதில் இரைகிறது, படுத்தால் சரியாகிவிடுகிறது என்று எழுதிய தம்பிக்கு: உங்கள் விவரம் என்னுடையதிலிருந்து விலகிப் போகிறது. நடுக்காதையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழல் மூடாமல் திறந்தே இருந்தால் மூச்சு ஓசை அப்படிக் கேட்கும், படுத்தால் அடங்கும். அதற்கு வேறு பரிசோதனை, வேறு வைத்தியம். நான் எழுதியதைப் படித்துவிட்டு நேராக சி.டி.க்கு ஓட வேண்டாம். எடை சமீபத்தில் வேகமாகக் குறைந்ததா என்றும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அந்தக் குழல் திறந்துகொள்ள அதுவும் ஒரு காரணம்.

2023 ஏப்ரல் 2

உங்கள் மனைவிக்கு உறுதியாகிவிட்டது என்ற செய்தியை இரண்டு முறை படித்தேன். நோய் உறுதியானதற்கு மகிழ்ச்சி என்று சொல்வது வெளியாளுக்கு வினோதமாக இருக்கும். அவருக்குப் புரியும்.

அறுவையைப் பற்றிக் கேட்கிறீர்கள். கட்டாயம் இல்லை. தூண்டும் சத்தத்தையும் முக்கித் தூக்குவதையும் தவிர்த்துக்கொண்டு பலர் அறுவை இல்லாமலே இருக்கிறார்கள். எனக்குக் குழந்தைகளின் குரலே தலையைச் சுற்றவைத்ததால் செய்துகொண்டேன். திறந்த கால்வாயை அடைத்துவிடுவார்கள். காதுக்கு மேலே மண்டையோட்டில் சிறு சாளரம் திறந்து போவது ஒரு வழி, காதின் பின்னெலும்பு வழியே போவது இன்னொரு வழி. கேட்புத்திறன் குறையும் ஆபத்து இரண்டிலும் உண்டு. அதை ஒளிக்காமல் சொல்லும் அறுவை மருத்துவரைத் தேடுங்கள்.

எனக்குக் கண் ஓசை போய்விட்டது. குரல் முழக்கம் போய்விட்டது. சத்தம் கேட்டால் சத்தம் மட்டும் கேட்கிறது. இருட்டில் நடக்கும்போது இன்னும் தடுமாறுகிறேன், தலையை வேகமாகத் திருப்பினால் ஒரு கணம் காட்சி பின்தங்குகிறது. அதற்குச் சமநிலைப் பயிற்சிகள் செய்கிறேன். ஒரு கால்வாய் அடைபட்டுவிட்டது, மூளை மீதியை வைத்துக் கற்றுக்கொள்ள வேண்டும். எப்போதும் இருக்கும் லேசான தள்ளாட்டமும் தலைவலியும் மற்றவற்றைப் போல எளிதில் போவதில்லை என்று எனக்கு முன்கூட்டியே சொன்னார்கள்.

2023 ஏப்ரல் 10

சகோதரி, இந்தத் தடவை கணவர் வழியாக இல்லாமல் நீங்களே எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பக்கமும் திறப்பு இருக்கிறது என்று அறிக்கை சொன்னால் எந்தப் பக்கம் முதலில் என்று கேட்கிறீர்கள். தொல்லை அதிகம் தரும் காதைத்தான் முதலில் எடுப்பார்கள். படத்தில் பெரிதாகத் தெரியும் திறப்பே அதிகத் தொல்லை தரும் திறப்பாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக வெம்ப் முடிவைக் கேளுங்கள். இசைக்கவையைக் கணுக்காலில் வைத்தால் எந்தப் பக்கம் கேட்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நெற்றி நடுவில் வைத்தாலும் தெரியும். உங்கள் குரல் எந்தக் காதில் முழங்குகிறது என்பதையும் அடுத்த சந்திப்புக்கு முன் ஒரு வாரம் குறித்து வாருங்கள். ஒரு பக்கம் அடைத்த பிறகு மற்றப் பக்கத்தின் தொல்லை அதுவரை மறைந்திருந்து தெரியவும் கூடும். அப்படி ஆனாலும் உடனே இரண்டாவதற்குச் சம்மதிக்காதீர்கள். முதல் காது ஆறி, நடை தேறிய பின் மறுபடி அளந்து பார்த்து முடிவெடுக்கலாம்.